படத்தில் ஒரு ஓட்டை

எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அந்த வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் திறந்த வாயை மாலை வரை நான் மூடவேயில்லை. எவ்வளவு பயந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேயிலை மலைகளுக்கு நடுவே, ரிங்லெட் டவுனில் ரம்லா ராத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, கீழேயிருந்து ஏறி வரும் மீன் கறி வாசனை. அந்த அக்காவின் தம்பி ஈசாதான் என் பாஸ். பதினைந்து வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் புவனேஸ். அவருக்கு உதவியாளர், டிரைவர், தேவைப்பட்டால் திட்டு வாங்குகிற ஆள்.

ரூபினி உள்ளே வந்தபோது அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் பை சலசலத்துக்கொண்டே இருந்தது. இருபத்து நான்கு வயது, மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிராணி, குமாஸ்தா வேலை என்று சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

எண்ணெய் வண்ண ஓவியம். பச்சை மலைச்சரிவு, வரிவரியாகச் செடிகள், நடுவே வளைந்து ஏறும் மண் பாதை, ஊதா நிறத்தில் நிழல்கள். சரிவின் மத்தியில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஓர் ஓட்டை.

"எலியா?" என்றேன். "ரசனையுள்ள எலியா இருக்கும்."

"எலி வட்டமா வெட்டாதுக்கா. பிளேடு." அவள் ஈசாவின் பக்கம் திரும்பினாள். "பாய், ஞாயித்துக்கிழமை கோயில் ஹால்ல சின்னதா ஒரு கண்காட்சி. எஸ்டேட் ஆளுங்க கைவேலை எல்லாம் வச்சாங்க. நானும் இத மாட்டுனேன். திங்கக்கிழமை எடுக்கப் போனா இப்படி இருக்கு."

"சின்னப் பசங்க வேலைன்னு விட்டுட்டீங்க."

"ஆமா பாய். ஆனா செவ்வாக்கிழமை இது." இரண்டாவது படத்தை வைத்தாள். அதே மலை, அதே பாதை, அதே இடத்தில் அதே அளவு ஓட்டை. "இது என் ரூம்ல, கட்டிலுக்கு மேல மாட்டியிருந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"பூட்டு?"

"உடைக்கல. சாவிய செருப்பு ரேக்குக்குப் பின்னால வைப்போம். எங்க லைன் வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும்லா."

மூன்றாவதை அவள் மேசையில் வைக்கவில்லை. ஈசாவின் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன திருவிழாவில் எடுத்த அவளுடைய புகைப்படம். மஞ்சள் பட்டுப் பாவாடை, கையில் தட்டு, கழுத்தில் மாலை. முகம் இருந்த இடத்தில் ஓட்டை.

"இன்னைக்குக் காலைல நான் வரையுற பலகையில குத்தியிருந்தது, பாய்."

"ஒரே அளவு. ஒழுங்கான ஆளு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.

ஈசா புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "எதுக்கு ஒரே படத்த ரெண்டு தடவ வரைஞ்சீங்க?"

"நாலு தடவ வரைஞ்சிட்டேன். மத்த ரெண்டும் சரியா வரல, கிழிச்சிப் போட்டேன். இயற்கைக் காட்சி வரையக் கத்துக்கிறேன், பாய். யாரும் சொல்லிக் குடுக்கல. பெரிய ஓவியர் படத்த வச்சி அப்படியே பாத்துப் பாத்து வரையணும்னு யூடியூப்ல சொன்னாங்க." பையின் அடியிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஓர் அச்சுப்படத்தை எடுத்தாள். "பக்கத்து டவுன் தானா ராத்தாவுல ஒரு பழைய ஹோட்டல் மூடுனப்ப வாங்குனது. நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னால யாரோ பிரெஞ்சுக்காரர் வரைஞ்சதாம். திராட்சைத் தோட்டம்."

அச்சுப்படத்தின் சட்டத்தில் சின்ன ஆணிகள் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல் கட்டியிருந்தாள். படம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"ஒரு கட்டம், அப்புறம் அடுத்த கட்டம்னு வரைவேன். என்ன பொருள்னு யோசிக்கக் கூடாது, என்ன கலர்னு மட்டும் பாக்கணும். நிழலுக்குக் கூடக் கருப்பு போடக் கூடாது, ஊதாதான்." அதைச் சொன்ன ஒரு நிமிடம் மட்டும் அவள் குரலில் பயம் இல்லை.

ஈசா ஓட்டையை அளந்தார். மேலிருந்து மூன்றாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது கட்டம். அச்சுப்படத்தில் அதே கட்டத்தைத் தேடி விரலை வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே சிவப்பாக ஒரு தீற்று. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண்.

"நீங்க வரைஞ்சதுலயும் குடை தெரிஞ்சதா?"

"இல்ல பாய், எனக்கு அவ்வளவு வராது. ஒரு சிவப்புப் புள்ளிதான் வச்சேன்."

"இந்த அச்சுப்படத்த யார் யார் பாத்திருக்காங்க?"

"எங்கண்ணன் மட்டும்தான். கட்டிலுக்கு அடியிலதான் வைப்பேன். வாங்குன வெலையக் கேட்டா அம்மா கத்தும்."

ஈசா நாற்காலியில் சாய்ந்தார். "வெட்டுனவன் இதப் பாக்கல. அவனுக்கு இது பிரான்சு இல்ல, வேற ஏதோ இடம். ஹால்ல படத்தப் பாத்தவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க. நம்ம பதினாலாம் நம்பர் மலைதானேன்னு. பிரான்சுன்னா சிரிக்கிறாங்க. அங்க ஏது தேயிலைன்னு கேக்குறாங்க. அதான், நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது புரிய அரை நிமிடம் ஆனதே அதிகம். புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பாஸ், கொடி!" என்றேன். "மருந்துக் கொடி! பூச்சி மருந்து அடிச்ச மலையில சிவப்புத் துணிய ஒரு கம்புல கட்டி நட்டு வைப்பாங்க. அது நிக்கிற வரைக்கும் யாரும் உள்ள கால் வைக்க மாட்டாங்க. தமிழாளு, நேபாளி, பங்களாதேசி, எல்லாருக்கும் அந்தக் கொடி தெரியும். பச்ச மலையில சிவப்புப் புள்ளின்னா எஸ்டேட்காரனுக்கு வேற எதுவுமே ஞாபகம் வராது."

ஈசா ரூபினியைப் பார்த்தார். "பதினாலுக்கு மருந்து அடிச்சிருக்கா?"

"இல்லையே! மருந்து ஸ்டோர் சாவி ஆபீஸ்லதான் இருக்கு. மூணு மாசமா பதினாலுக்கு மருந்து போகல. அது ரொம்பத் தூரம் பாய், மலைக்கு அந்தப் பக்கம். நான் போயே ஒரு வருசம் ஆச்சி."

"மருந்து அடிக்காத மலையில கொடி நிக்கிதுன்னா, ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு யாரோ வச்சிருக்கான். அந்தக் கொடிய நீங்க பாத்துட்டு, படத்துல போட்டுக் காட்டுறீங்கன்னு நெனச்சிட்டான்." ஈசா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எஸ்டேட்ல யாரையாச்சும் காணோமா, ரூபினி?"

"காணோம்னு யாரும் இல்ல. எங்கண்ணன்தான் ஊர்ல இல்ல. அர்ஜுனன். எஸ்டேட்ல ஜாகாவா இருந்தாரு, காவல் வேலை. திடீர்னு சிங்கப்பூர்ல வேலை கெடச்சிப் போயிட்டாரு. பதினோரு நாளாச்சி."

"பேசுனாரா?"

"மெசேஜ் வரும். போன் பண்ண வேணாம், ஹாஸ்டல்ல பேச விட மாட்டாங்கன்னு…"

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்தோ, தன் வார்த்தை தனக்கே கேட்டோ, தெரியவில்லை. உதடு மட்டும் "இல்ல, இல்ல" என்று அசைந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவளைக் கீழே ராத்தாவின் கடையில் உட்கார வைத்தோம். "கடைய விட்டு நகரக் கூடாது," என்று ஈசா இரண்டு தடவை சொன்னார். ராத்தா அவள் முன்னால் சூடாக ஒரு தேத்தண்ணி வைத்துவிட்டு, கறி வெட்டும் கத்தியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அச்சுப்படத்தை ஈசா கையோடு எடுத்துக்கொண்டார்.

என் பழைய கெரெத்தாக் காரில் மேலே ஏறினோம். வழியிலேயே ஈசா போலீசுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். வருகிறோம் என்றார்கள், ஆனால் கீழே பாதையில் ஒரு லோரி கவிழ்ந்து கிடப்பதால் நேரமாகுமாம். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. பனிமூட்டம் அதற்குள் இறங்கிவிட்டது. எஸ்டேட் மண் பாதையில் திரும்பியபோது முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"பாஸ், போலீஸ் வரட்டும்னு உக்காந்திருக்கலாமே? மஞ்சள் பட்டுப் பாவாடை என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. என் மூஞ்சிக்கு ஓட்டை போட ரெண்டு நிமிசம் ஆகாது."

"பதினோரு நாளு, புவனேஸ். உயிரோட இருந்தா?"

அதற்குப் பிறகு நான் வண்டியை வேகமாக ஓட்டினேன்.

பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தோம். இருபுறமும் இடுப்புயரத் தேயிலை. ஈரச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் காலடிச் சத்தம் தவிர ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. ஒரு திருப்பத்தில் ஈசா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கொடி. மூங்கில் கம்பில் சிவப்புத் துணி, நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஈசா அச்சுப்படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வளைந்த பாதை, ஏறிப் போகும் வரிசைகள், நடுவில் சிவப்பு. பிரான்சிலிருந்த யாரோ ஒருவர் இங்கே வந்து நின்று வரைந்த மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தில்தான்.

அப்போது பின்னால் சரளைக் கல் நொறுங்கியது.

"யாரது?"

பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயது, முட்டி வரை பூட்ஸ், கையில் வளைந்த கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டும் அந்தக் கத்தி என் கையை வெட்டவும் போதும். நான் ஈசாவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஈசா எனக்குப் பின்னால் வரப் பார்த்தாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"மருந்து அடிச்ச மலையில ஒங்களுக்கு என்ன வேலை? கொடி கண்ணுக்குத் தெரியல?"

"நீங்க?"

"காளிமுத்து. இந்த டிவிசன் கங்காணி."

"கொடிய வச்சது நீங்களா, கங்காணி?"

"நான் எதுக்கு வைக்கிறேன்? ஆபீஸ்லருந்து ஆர்டர். மருந்து அடிச்சாச்சி, மூணு வாரம் ஆளுங்கள விடாதீங்கன்னு விமலன் கிராணி வந்து அவரே கையால நட்டுட்டுப் போனாரு. தங்கமான பையன். அர்ஜுனன் சிங்கப்பூர் போனப்ப பஸ் ஏத்தி விட்டதும் அவர்தானாம்."

"விமலன் யாரு?"

"ரூபினி கூட ஆபீஸ்ல வேலை செய்யிறவரு. அர்ஜுனனுக்கு உசுரு சிநேகிதன். வீட்டுல ஒரு புள்ள மாதிரி."

சாவி செருப்பு ரேக்குக்குப் பின்னால் இருப்பது தெரிந்த ஆள். ஈசாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நேரம் என் போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அந்த மேட்டில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. ரம்லா ராத்தாவின் மெசேஜ்.

"பயப்படாதீங்க. ரூபினி தனியா இல்ல. அவளே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கா. அவ ஆபீஸ் பையன் விமலன் வந்து கூட்டிக்கிட்டு அங்கதான் வர்றான். நல்ல பையன்."

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். "நல்ல பையன்" என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. ஈசா கங்காணியின் காதில் ஏதோ அவசரமாகச் சொன்னார். கங்காணியின் முகம் சாம்பலாகியது. சட்டென்று செடிகளுக்குள் இறங்கிப் பனிக்குள் மறைந்துவிட்டார். அவர் ஓடிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் ஓடத்தான் ஆசை.

ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்து நின்றன. முதலில் ரூபினி இறங்கினாள். அவளை ஒட்டி, அவள் முழங்கையைப் பிடித்தபடி ஓர் இளைஞன். வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. வேறு இடத்தில் பார்த்திருந்தால் அழகன் என்று சொல்லியிருப்பேன்.

"பாய், பதினாலுல என்னா தேடுறீங்க?" என்றான் சிரித்துக்கொண்டே.

ரூபினியின் கண்கள் விரிந்திருந்தன. அவன் இன்னொரு கை அவள் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. காகிதம் வெட்டும் பிளேடின் நுனி அவள் காதோரம் மின்னியது.

"வண்டியில வரும்போது கொடியப் பத்திக் கேட்டேன் பாய்," என்றாள் ரூபினி மெல்ல. "அவ்வளவுதான் கேட்டேன்."

ஈசா அசையாமல் நின்றார். "விமலன், அவங்க முகத்துல கை வைக்கிறதுக்கு முன்னால எனக்காக ஒரு படத்தப் பாருங்க."

"படமெல்லாம் பாத்தாச்சி. அவளுக்கு எல்லாம் தெரியும். என்னைப் பயமுறுத்தத்தான் ஹால்ல மாட்டி வச்சா."

"இத நீங்க பாக்கல. இது அவங்க வரைஞ்சது இல்ல. இதப் பாத்துத்தான் அவங்க வரைஞ்சாங்க. மூணாவது வரிசை, அஞ்சாவது கட்டம்."

அச்சுப்படத்தை ஜீப் வெளிச்சத்தில் நீட்டினார். விமலன் முதலில் பார்க்கவில்லை. பிறகு பார்த்தான். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ரூபினியின் முழங்கையை விட்டுவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கட்டத்தைத் துடைத்தான். குனிந்து உற்றுப் பார்த்தான்.

"குடையா?" என்றான்.

"குடைதான். பிரான்சுல, நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னால, யாரோ ஒரு பொம்பள பிடிச்ச குடை. நீங்க என்ன நெனச்சீங்க?"

அவன் வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப… அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."

அந்த நொடியில் பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் மணிக்கட்டை முறுக்கியது. செடி வரிசை வழியே சுற்றிக்கொண்டு வந்திருந்தார் காளிமுத்து கங்காணி. பிளேடு கல்லில் விழுந்தது. விமலன் எதிர்க்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். அவனைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

ரூபினி அவன் முன்னால் மண்டியிட்டாள். "எங்கண்ணன் எங்க?"

"நான் கொல்லல ரூபினி. சத்தியமா கொல்லல. ஸ்டோர்ல இருந்து மருந்து டிரம் எடுத்து, கீழ ஓடைக்கரையில இருக்குற பழைய பம்பு வீட்டுல வச்சி, கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களுக்கு வித்துக்கிட்டு இருந்தேன். அவன் பாத்துட்டான். பிடிச்சுத் தள்ளுனேன், விழுந்ததுல கால் ஒடஞ்சி போச்சி. உள்ள வச்சிப் பூட்டிட்டேன். அவன் போன்லருந்து உனக்கு மெசேஜ் அனுப்புனதும் நான்தான். கொல்லவும் மனசு வரல, விடவும் பயமா இருந்துச்சி. தெனம் சோறும் தண்ணியும் கொண்டாந்து குடுத்தேன், ரூபினி."

"இன்னைக்குக் குடுத்தியா?"

அவன் நிமிரவில்லை.

"நேத்து?"

"ஞாயித்துக்கிழமை காலைல குடுத்தேன். அன்னைக்குத்தான் ஹால்ல உன் படத்தப் பாத்தேன். நீ இந்த மலையவே பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டேன். அப்புறம் வர பயமா இருந்துச்சி. அதுக்கப்புறம் போகவே இல்ல."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். ரூபினி எண்ணவில்லை. கொடியைத் தாண்டிச் சரிவில் ஓட ஆரம்பித்திருந்தாள். செடிக் கிளைகள் அவள் கையைக் கீறின, ஒரு தடவை விழுந்தாள், எழுந்து மறுபடியும் ஓடினாள். கங்காணி விமலனைத் தன் பெல்ட்டால் ஜீப்போடு கட்டிவிட்டு எங்கள் பின்னால் வந்தார்.

ஓடைக்கரையில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். கதவில் புதுப் பூட்டு. சுற்றிலும் மருந்து நாற்றம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரூபினி கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தட்டக் கையைத் தூக்கினாள், ஆனால் தட்டவில்லை. எதைக் கேட்கப் போகிறோமோ என்ற பயம் அவளை அப்படி நிறுத்தியிருந்தது. எனக்கும் அதே பயம்தான். கங்காணி கத்தியை எடுத்துக்கொண்டு பூட்டை நெருங்கினார். கத்தி இரும்பில் பட்டுச் சத்தம் எழுந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல். காய்ந்துபோன, கிழிந்துபோன குரல்.

"விமலா, நீயாடா? தண்ணி கொண்டாந்தியா?"

ரூபினி கதவில் நெற்றியை வைத்து அழுத்தினாள்.

"தண்ணி மட்டும் குடுடா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்டா, விமலா."

ரூபினி இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள். "அண்ணே! நான்தான்ணே! நான் வந்துட்டேன்!"

உள்ளே அவன் அழ ஆரம்பித்தான்.